ஓர் உதைபந்தாட்டக்காரரின் வழக்கு

மைதானத்தைச் சுற்றிக் கூடி நின்று ஆரவாரிப்போருக்கு உதைபந்தாட்டம் ஒரு பொழுதுபோக்கு. உள்ளே நின்று கூலிக்கு ஆடுவோருக்கோ அது ஜீவனோபாயம். உழவனுக்கு ஏர் எப்படியோ, தச்சனுக்கு உளி எப்படியோ, தொழில்முறை ஆட்டக்காரனுக்குப் பந்தும் அப்படியே. பார்ப்பவருக்கு ஆட்டம் 90 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. ஆடுபவருக்கு அதன் பின்னரே வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வரும் ஆண்டுக்கு வேலை கிடைக்குமா என்ற ஐயம் ஆகியவை தொடங்குகின்றன.

உதைபந்தாட்டம் என்றதும் உலகப் புகழ் பெற்ற சிலருடைய பெயர்களே எம் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் பெறும் கோடிக்கணக்கான பணத்தைப் பத்திரிகைகள் தலைப்பிட்டு எழுதுகின்றன. ஆனால் அத்தொழிலிலுள்ள பெரும்பாலோர் அத்தகையோர் அல்லர். ஒரு கழகத்தில் ஓராண்டு, பிறிதொரு கழகத்தில் ஈராண்டு, இந்நாட்டில் வேலையில்லையெனில் அயல் நாடு, அங்குமில்லையெனில் கடல் கடந்த தீவு என்று மூட்டை முடிச்சுடன் அலைபவர்களே மிகுதி. முப்பத்தைந்து வயதை எட்டுமுன் பலருக்குத் தொழில் முடிந்துவிடும். முழங்காலில் ஓர் அடி பலமாய்ப் பட்டால் இருபத்தைந்திலும் முடிந்துவிடலாம். ஆகவே ஆடக்கூடிய ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்குப் பொன் போன்றது. அந்த ஆண்டுகளை எங்கே செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஆட்டக்காரனுக்கா, கழகத்துக்கா? இக்கேள்விக்கு விடை காண ஐரோப்பாவின் உயர்ந்த நீதிமன்றமொன்று 1995ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விடையை உலகுக்குப் பெற்றுத் தந்தவர் பெருவீரர் எவருமல்லர்; பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த ஜோன்-மார்க் பொஸ்மன் என்ற சாதாரண ஆட்டக்காரர்.

அவருடைய கதையைக் கேட்குமுன், உதைபந்தாட்டத் தொழிலில் வேரூன்றியிருந்த வழக்கமொன்றை நேயர்கள் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஒரு பாடசாலையை விட்டு மற்றொன்றிற் சேர விரும்பும் மாணவன் விடுகைப் பத்திரம் கொண்டுவர வேண்டும் என்பது நாம் அறிந்ததே. தொழில்முறை ஆட்டக்காரனுக்கும் அத்தகைய பத்திரமொன்று உண்டு. அதற்கு மாற்றுச் சான்றிதழ் என்று பெயர். ஒரு நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் மறு நாட்டின் சங்கத்துக்கு அதனை அனுப்பினாலன்றி, அவன் புதிய கழகத்தின் சட்டையை அணிந்து களத்தில் இறங்க முடியாது. பாடசாலை விடுகைப் பத்திரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மாணவனின் பத்திரத்தை எந்த அதிபரும் விலை கூறி விற்பதில்லை. ஆட்டக்காரனின் சான்றிதழுக்கோ பழைய கழகம் விலை கேட்டது. புதிய கழகம் அவ்விலையைச் செலுத்தினால் மட்டுமே சான்றிதழ் கிடைத்தது. இதையே இடமாற்றுப் பணம் என்றனர்.

ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒருவன் வேறிடம் போக விரும்பினால் பழைய கழகம் நட்டஈடு கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. வாக்குக் கொடுத்தவன் வாக்கை மீறுகின்றான் அல்லவா? ஆனால் ஒப்பந்தக் காலம் முழுவதும் உண்மையாய் உழைத்துக் கணக்குத் தீர்ந்த பின்பும் அதே பணத்தைக் கழகங்கள் கேட்டன என்பதே விந்தை. ஆசிரியர் ஒருவர் ஐந்தாண்டுச் சேவைக்கு ஒப்பமிட்டு அதை முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பின் வேறு பாடசாலையில் வேலை தேடும்போது, பழைய பாடசாலை குறுக்கே நின்று, “எமக்குப் பெருந்தொகை தந்தாலன்றி இவரை விடமாட்டோம்; அதுவரை சம்பளமும் தரமாட்டோம்” என்றால் எப்படியிருக்கும்? வேறு எத்தொழிலிலும் சகிக்கப்படாத இம்முறை, உதைபந்தாட்டத்தில் நூறாண்டுக் காலம் இயல்பானதாகவே கருதப்பட்டு வந்தது.

இதை எதிர்த்தவர்கள் முன்னரும் இருந்தனர். உதைபந்தாட்டத்தின் தாயகமான இங்கிலாந்திலே ஆட்டக்காரர்களுக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. அது வாரத்துக்கு 20 பவுணாக இருந்த காலத்தில், எத்துணைத் திறமைசாலியாயினும் அதற்கு மேல் பெற முடியாது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரரின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரித்த பின்னர், 1961ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவ்வரம்பு நீங்கியது. அதே காலத்தில் ஜோர்ஜ் ஈஸ்தாம் என்னும் வீரர், ஒப்பந்தம் முடிந்த பின்பும் தம்மை விட மறுத்த நியூகாசில் கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். மாதக்கணக்கில் ஆட்டத்தை விட்டு வேறு வேலை செய்த பின்னரே அவர் ஆர்சனல் கழகத்துக்கு மாற்றப்பட்டார். மாற்றம் கிடைத்த பின்னும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963ஆம் ஆண்டு நீதியரசர் வில்பர்போஸ், ஆட்டக்காரனை இவ்வாறு தடுத்து வைத்தல் தொழிற் சுதந்திரத்துக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். ஆயினும் அத்தீர்ப்பு இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது. இடமாற்றுப் பணம் என்னும் வழக்கமும் அதனோடு ஒழிந்துவிடவில்லை. ஐரோப்பாவின் ஏனைய நாடுகள் தத்தம் விதிகளின்படியே நடந்து வந்தன.

பொஸ்மன் 1964ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் லியேஜ் நகர்ப் பகுதியிற் பிறந்தவர். மத்திய கள ஆட்டக்காரர். இளைஞர் அணியில் நாட்டுக்காக ஆடி நம்பிக்கையூட்டியவர். முதலில் அந்நகரின் ஸ்டாண்டட் கழகத்திலும், 1988ஆம் ஆண்டிலிருந்து அதே நகரின் லியேஜ் கழகத்திலும் ஆடினார். லியேஜ் கழகத்துடன் அவர் செய்த ஒப்பந்தம் 1990 ஜூன் 30ஆம் திகதி முடிவதாக இருந்தது. ஊக்கப் பணமும் சேர்த்து மாதம் சராசரி 120,000 பெல்ஜியப் பிராங்க் அவருக்குக் கிடைத்து வந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் கழகம் அவருக்குப் புதிய ஒப்பந்தமொன்றை நீட்டியது. அதிற் கண்ட சம்பளம் 30,000 பிராங்க். முன்னையதில் நான்கிலொரு பங்கு. பெல்ஜியச் சங்கத்தின் விதிகள் அனுமதித்த ஆகக் குறைந்த தொகையும் அதுவே. பொஸ்மன் ஒப்பமிட மறுத்தார். உடனே அவர் பெயர் மாற்றுப் பட்டியலில் ஏறியது. அவருக்குரிய இடமாற்றுப் பணம் 11,743,000 பிராங்க் என்று கணிக்கப்பட்டது. ஆட்டக்காரனின் ஆண்டு வருமானத்தை, அவனது வயதுக்கேற்ப 14 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணாற் பெருக்கி இத்தொகையைக் காண்பது பெல்ஜிய விதி. இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் தகும். கழகம் அவருக்குத் தர முன்வந்த சம்பளத்தின்படி அவ்விலையைச் சம்பாதிப்பதற்கு அவர் 32 ஆண்டுகளுக்கு மேல் ஆட வேண்டும். சம்பளம் கொடுக்கும்போது மலிவான மனிதர். விற்கும்போது மட்டும் விலை மதிப்பற்ற மாணிக்கம்!

அவ்விலைக்கு அவரை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. பொஸ்மன் தாமே வேலை தேடிப் புறப்பட்டார். பிரான்சின் வட கரையிலுள்ள டன்கேர்க் நகரத்தின் இரண்டாம் பிரிவுக் கழகம் அவரை ஏற்க இசைந்தது. மாதம் ஏறத்தாழ 100,000 பிராங்க் சம்பளமும், ஒப்பமிடும்போது சுமார் 900,000 பிராங்கும் தருவதாகக் கூறியது. ஓராண்டுக்குத் தற்காலிகமாக அவரைப் பெறுவதற்கு லியேஜ் கழகத்துக்கு 1,200,000 பிராங்க் செலுத்தவும் உடன்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி நடைபெறும் முதல் ஆட்டத்துக்கு முன் மாற்றுச் சான்றிதழ் வந்து சேர வேண்டும்.

சான்றிதழ் வரவேயில்லை. டன்கேர்க் கழகத்துக்குப் பணம் செலுத்தும் வல்லமை உண்டோ என லியேஜ் கழகத்தினர் ஐயுற்றனர். ஆதலால் சான்றிதழை அனுப்பும்படி சங்கத்தைக் கேட்காமலே இருந்துவிட்டனர். இரு ஒப்பந்தங்களும் பயனற்றுப் போயின. அம்மட்டோடு அமையாமல், ஜூலை 31ஆம் திகதி பொஸ்மனை இடைநிறுத்தமும் செய்தனர். அவர் புதிய ஒப்பந்தத்தையும் ஏற்கவில்லை. பிற இடத்துக்கும் போக முடியவில்லை. பருவகாலம் முழுவதும் ஆடாமலிருக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. அவருக்கு அப்போது வயது 25. ஓர் உதைபந்தாட்டக்காரனின் உடல் உச்ச வலிமையோடிருக்கும் பருவம் அது.

1990 ஆகஸ்ட் 8ஆம் திகதி அவர் லியேஜ் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தார். சில வாரங்களில் தீரும் சம்பளத் தகராறு என்றே பலரும் எண்ணியிருப்பர். அது தீர ஐந்தாண்டுகளுக்கு மேற்சென்றன. உள்ளூர் நீதிமன்றங்கள் ஆரம்பத்திலேயே அவருக்குச் சாதகமாயின. வழக்கு முடியும் வரை மாதம் 30,000 பிராங்க் கொடுக்குமாறும், அவர் வேறு கழகத்திற் சேர்வதற்கு இடமாற்றுப் பணம் கேட்கக்கூடாது என்றும் கட்டளையிட்டன. ஆகவே காகிதத்தில் அவர் சுதந்திர புருஷர். ஆயினும் அச்சுதந்திரத்தை விலைக்கு வாங்குவார் இல்லை. பிரான்சின் சென்-குவாந்தன் கழகத்திற் சேர்ந்தார். முதற் பருவகால முடிவிலேயே அவ்வொப்பந்தம் முறிந்தது. பின்னர் 1992இல், தமிழ் வமிசத்தினர் பலர் வாழும் ரியூனியன் தீவுக்கு வந்து, அதன் தலைநகரான சென்-டெனியில் ஆடினார். இந்து சமுத்திரத்தின் நடுவிலும் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. இறுதியில் பெல்ஜியத்துக்கே திரும்பி, மூன்றாம் பிரிவிலிருந்த சார்லறுவா ஒலிம்பிக் கழகத்தில் ஆடினார். அவரைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஐரோப்பியக் கழகங்கள் யாவும் அவரைப் பகிஷ்கரித்தன என்று கருதுவதற்கு வலுவான சான்றுகள் உண்டு எனப் பெல்ஜிய நீதிமன்றமே குறிப்பிட்டது.

வழக்கு வளர வளர அதன் உருவமும் மாறிற்று. ஒரு மனிதருக்கு ஒரு கழகம் இழைத்த தீங்கு பற்றிய கேள்வி, முழு ஐரோப்பாவின் விதிமுறை பற்றிய கேள்வியாக விரிந்தது. 1957ஆம் ஆண்டு ரோமாபுரியிற் கைச்சாத்தான உடன்படிக்கையின் 48ஆம் உறுப்புரை, உறுப்பு நாடுகளின் தொழிலாளர் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குச் சென்று தடையின்றி வேலை செய்யலாம் என்று கூறுகின்றது. சுரங்கத் தொழிலாளிக்கும் வைத்தியருக்கும் உள்ள அவ்வுரிமை பந்து உதைக்கும் தொழிலாளிக்கும் உண்டா? சம்பளத்துக்கு ஆடுபவன் தொழிலாளியே என்று 1976ஆம் ஆண்டு வேறொரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் முன்பே கூறியிருந்தது. ஆயினும் உதைபந்தாட்டச் சங்கங்கள் தம் விதிகளை மாற்றவில்லை. ஆகவே லியேஜ் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1993 ஒக்டோபரில் இரு கேள்விகளை லக்சம்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்கு இடமாற்றுப் பணம் கேட்கலாமா என்பது முதற் கேள்வி. ஓர் ஆட்டத்தில் ஒரு கழகம் களமிறக்கும் வெளிநாட்டவரின் தொகையை மட்டுப்படுத்தலாமா என்பது இரண்டாவது. அக்காலத்தில் மூன்று வெளிநாட்டவரும், அந்நாட்டில் ஐந்தாண்டு தொடர்ந்து ஆடிப் பழகிய இருவரும் மட்டுமே ஒரே ஆட்டத்தில் இறங்கலாம் என்ற விதி இருந்தது.

சங்கங்களின் தரப்பிலும் வாதங்கள் இல்லாமற் போகவில்லை. அவை எளிதிற் புறக்கணிக்கத்தக்கனவும் அல்ல. இடமாற்றுப் பணம் இல்லாவிடில் செல்வமுள்ள கழகங்கள் நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். போட்டியின் சமநிலை குலைந்துவிடும் என்றனர். சிறிய கழகங்கள் சிறுவர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்றி ஆளாக்குகின்றன. அச்செலவுக்கு ஈடு எதுவும் கிடைக்காவிடில் எவர்தாம் இளைஞரைப் பயிற்றுவார் என்றும் கேட்டனர். வெளிநாட்டவர் பெருகினால் ஊர் மக்கள் தம் கழகத்தைத் தமதென்று கருதமாட்டார்கள் என்பது இன்னொரு வாதம்.

நீதிமன்றம் இவ்வாதங்களைப் பொறுமையோடு ஆராய்ந்தது. சமநிலையைப் பேணுதலும் இளைஞரைப் பயிற்றலும் நல்ல நோக்கங்களே என ஒப்புக்கொண்டது. ஆனால் நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதற்கு மேற்கொள்ளும் வழியும் பொருத்தமாயிருத்தல் வேண்டும். இடமாற்றுப் பணம் இருந்த காலத்திலும் செல்வக் கழகங்களே சிறந்த வீரர்களை வாங்கின. பயிற்றப்படும் சிறுவர்களில் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகின்றனர். அவர்களுக்கு வரும் தொகையும் பயிற்சிக்கு உண்மையிற் செலவான தொகைக்குத் தொடர்பற்றது. கழகங்களின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தம்முட் பகிர்ந்துகொள்ளுதல் போன்ற வேறு வழிகளால், ஆட்டக்காரனின் உரிமையைப் பறிக்காமலே அந்நோக்கங்களை அடையலாம். ஊர்ப்பற்று வாதத்துக்கு நீதிமன்றம் தந்த மறுமொழி நயமானது. ஒரு கழகம் தன் ஊரிற் பிறந்தவரை மட்டுமே ஆட்ட வேண்டும் என்று எவ்விதியும் கூறவில்லை. ஊருக்கே இல்லாத அவ்விதி நாட்டுக்கு மட்டும் ஏன்? நாடுகளின் தேசிய அணிகளுக்கு இத்தீர்ப்புப் பொருந்தாது என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்க.

1995 டிசம்பர் 15ஆம் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. இரு கேள்விகளிலும் பொஸ்மன் வென்றார். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் பிரஜையான ஆட்டக்காரன், தன் ஒப்பந்தம் முடிந்ததும் ஒன்றியத்தின் வேறு எந்நாட்டுக் கழகத்திலும் இடமாற்றுப் பணமின்றிச் சேரலாம். ஒன்றிய நாட்டவரைத் தொகை வகுத்துத் தடுக்கும் விதியும் செல்லாது. நூறாண்டு வழக்கம் ஒரே நாளிற் சரிந்தது.

விளைவுகள் விரைவிற் புலப்பட்டன. அதே 1995ஆம் ஆண்டு மே மாதம் வியன்னா நகரில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது ஒல்லாந்தின் அஜக்ஸ் கழகம். அதன் வீரர் பலர் அக்கழகத்திலேயே சிறுவயது முதற் பயின்ற இளைஞர்கள். இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்ட பற்றிக் குளைவேட்டுக்கு வயது 18. தீர்ப்பின் பின் அவ்வணி பொரியரிசி போலச் சிதறியது. எட்கார் டேவிட்ஸ் 1996இலும், குளைவேட் 1997இலும் இத்தாலியின் மிலான் கழகத்துக்குச் சென்றனர். அவர்களை வளர்த்த கழகத்துக்கு இடமாற்றுப் பணமாக எதுவும் கிடைக்கவில்லை. 1999 டிசம்பர் 26ஆம் திகதி இங்கிலாந்தின் செல்சி கழகம், பிரித்தானியர் ஒருவரேனும் இல்லாத பதினொருவரை ஆட்டத் தொடக்கத்திற் களமிறக்கியது. அந்நாட்டு லீக்கில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. இடமாற்றுக்குச் செலவிடாத பணத்தைக் கழகங்கள் ஆட்டக்காரரின் சம்பளத்துக்குக் கொடுக்கத் தலைப்பட்டன. புகழ் பெற்றோரின் ஊதியம் வானளாவ உயர்ந்தது.

சங்கங்கள் கூறிய அச்சம் முற்றிலும் பொய்யாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிறிய நாடுகளின் கழகங்கள் பயிற்றுவதும், பெரிய நாடுகளின் கழகங்கள் அறுவடை செய்வதும் பெருகின. இதற்கோர் பரிகாரமாக உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா, ஐரோப்பிய ஆணைக்குழுவுடன் பேசி 2001ஆம் ஆண்டு புதிய விதிகளை வகுத்தது. இளம் வயதில் ஒருவனைப் பயிற்றிய கழகங்களுக்குப் பயிற்சி ஈடு உண்டு. ஒப்பந்தம் முடியுமுன் விலை பெற்று மாறினால், அவ்விலையில் நூற்றுக்கு 5 பங்கு, அவனை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஆக, நீதிமன்றம் சுட்டிய வேறு வழிகள் உண்மையிலேயே இருந்தன. தேடுவதற்கு ஒரு தீர்ப்புத் தேவைப்பட்டது என்பதே உண்மை.

வழக்கை வென்றவர் என்ன ஆனார்? தீர்ப்பு வந்தபோது பொஸ்மனுக்கு வயது 31. ஆட வேண்டிய ஆண்டுகள் நீதிமன்ற வாயில்களிற் கழிந்துவிட்டன. அவர் திறந்துவிட்ட கதவினூடாகப் பிறர் சென்றனர், அவர் செல்லவில்லை. பின்னாளில் வறுமையும் மதுப் பழக்கமும் மனச் சோர்வும் தம்மைப் பற்றிக்கொண்டதைப் பேட்டிகளில் அவரே மறைக்காமற் கூறியிருக்கின்றார். ஆட்டக்காரரின் சர்வதேசத் தொழிற்சங்கம் அவருக்கு உதவி புரிந்தது. அவர் பெயராற் கோடி சேர்த்தோர் பலர். அவரை நினைத்தோர் சிலர். மரத்தை நட்டவன் நிழலில் அமராமலே போவது உலகியற்கை என்று கூறி நாம் ஆறுதல் அடைந்துவிடலாகாது. ஒருவர் பட்ட துன்பத்தின் மேல் ஒரு தொழில் முழுவதும் நிமிர்ந்து நின்றது என்பதை மறவாமையே நன்றியுடைமை.

பொஸ்மன் பெற்றுத் தந்த சுதந்திரம் சாதாரண ஆட்டக்காரனை எவ்வளவு தூரம் எட்டியது என்பது அடுத்த கேள்வி. மேற்கூறிய சர்வதேசத் தொழிற்சங்கம் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 ஆட்டக்காரரை விசாரித்து 2016ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் மாதம் 1,000 அமெரிக்க டொலருக்குக் குறைவாகவே சம்பாதித்தனர். நூற்றுக்கு 41 பேருக்கு, முந்திய இரு பருவகாலங்களிற் சம்பளம் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. ஒப்பந்தத்தின் சராசரிக் காலம் 22 மாதங்கள். இரண்டாண்டும் நிறையாத வேலை. அடுத்ததைத் தேடி அயல் நாட்டுப் பயணம். மொழி தெரியாத ஊரில் மனைவி மக்கள். அங்கும் சம்பளம் தாமதம். ஒப்பந்தம் முடிந்ததும் போகலாம் என்னும் சுதந்திரம், புகழ் பெற்றவனுக்குப் பேரம் பேசும் ஆயுதம். சாதாரணமானவனுக்கோ அது சில வேளைகளில் வேலையில்லாமல் நிற்கும் சுதந்திரமாகவும் அமைந்துவிடுகின்றது.

சான்றிதழின் கதையும் பொஸ்மனோடு முடிந்துவிடவில்லை. பிரெஞ்சு வீரர் லசானா டியாரா 2013ஆம் ஆண்டு மொஸ்கோவின் லொக்கோமோட்டிவ் கழகத்துடன் நான்காண்டு ஒப்பந்தம் செய்தார். அடுத்த ஆண்டே பிணக்கு மூண்டு கழகம் ஒப்பந்தத்தை முறித்தது. பிழை அவருடையதே என்று பீபா முடிவு செய்து, ஒரு கோடியே ஐந்து இலட்சம் யூரோ செலுத்தப் பணித்தது. அப்போதைய விதிகளின்படி, அவரைச் சேர்த்துக்கொள்ளும் புதிய கழகமும் அக்கடனுக்குப் பொறுப்பு. பிணக்குத் தீரும் வரை சான்றிதழும் மறுக்கப்படலாம். பெல்ஜியத்தின் சார்லறுவா நகரிலுள்ள முதற்பிரிவுக் கழகமொன்று அவரை ஏற்க விரும்பியும் அவ்வச்சத்தாற் பின்வாங்கியது. பொஸ்மனுக்காக வாதாடிய சட்டத்தரணிகளுள் ஒருவரான ஜோன்-லூயி டுப்போன், டியாராவுக்காகவும் வழக்காடினார். 2024 ஒக்டோபர் 4ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், அவ்விதிகளிற் சில தொழிலாளரின் நடமாட்டச் சுதந்திரத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பீபா இடைக்கால மாற்றங்களைச் செய்தது.

இவ்விரு வழக்குகளும் ஒன்றல்ல. பொஸ்மன் ஒப்பந்தத்தை முடித்தவர். டியாராவின் ஒப்பந்தம் இடையில் முறிந்தது. ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு உண்டு என்பதை எந்நீதிமன்றமும் மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. கழகமும் ஆட்டக்காரனும் ஒருவரையொருவர் நம்பியே ஒரு பருவகாலத்தைத் திட்டமிடுகின்றனர். ஆயினும் இரு தீர்ப்புகளின் அடியிலும் ஓடுவது ஒரே எண்ணம்தான். மனிதன் தன் உழைப்பை ஒரு காலத்துக்கு விற்கலாம். தன்னையே விற்றுவிட முடியாது. உழைப்பின் தவணை முடிந்த பின்பும், கடன் இன்னதென்று நியாயமாய்க் கணிக்கப்படுமுன்பும், அவன் தொழில் செய்யும் வழியை அடைத்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

விளையாட்டுக்கு விதிகள் இன்றியமையாதவை. கையாற் பந்தைத் தொடலாகாது என்னும் விதி ஆட்டத்தைக் காக்கின்றது. ஆனால் ஆடுபவனைப் பண்டமாக்கும் விதி ஆட்டத்தைக் காப்பதில்லை. அதை நடத்துவோரின் பெட்டியையே காக்கின்றது. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டியது மாதம் 30,000 பிராங்கை ஏற்க மறுத்த ஒருவரின் வழக்கு. நாளைய பத்திரிகையில் ஒரு வீரர் இடமாற்றுப் பணமின்றிப் புதிய கழகத்திற் சேர்ந்தார் என்னும் சிறு செய்தி கண்ணிற் படலாம். அவ்வொரு வரி சாத்தியமாவதற்கு ஐந்தாண்டுகள் நீதிமன்றத்திற் காத்து நின்ற லியேஜ் நகரத்து ஆட்டக்காரரை நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் தகும்.